கல்லுத் தரைக்குப் பத்தியம்

எலுமிச்சம்பழத்தை உப்புல தொட்டுத் தேய்ச்சா மார்பிள் பளபளன்னு வரும்னு உனக்குச் சொன்னவன் யாருடா பேராண்டி? அவனுக்கு ஒரு மாலை வாங்கிப் போடணும். கட்டார் வெயில்ல வருசக்கணக்கா காய்ஞ்சு நீ சேர்த்த சல்லியை ஒரே ஞாயித்துக்கிழமையில, அதுவும் ரெண்டு பழத்தை வச்சே கரைச்சுக் காட்டின கெட்டிக்காரன் அவன்.

நீ கேக்குறதும் நியாயந்தான். குத்துவிளக்குக்குப் புளி போட்டா மின்னுது, செம்புக் குடத்துக்கு எலுமிச்சம்பழம் போட்டா மின்னுது, மார்பிளுக்கு மட்டும் ஏன் மங்குது? நல்ல கேள்வி. இதைக் கேக்க ஏழு பேர்ச் காணியில வீடு கட்டி, ஹோல் முழுக்க மார்பிள் பதிச்சு, அதுல பழத்தைப் புழிஞ்சு முடிச்சப்புறந்தான் என்கிட்ட வரணுமா? முன்னாடியே வந்திருந்தா ஒரு பிளேன்டியோட முடிஞ்சிருக்கும்.

கவ்வாத்து வெட்டின மலைக்கு வெள்ளைத் தூளு விசிறுவாங்களே, டொலமைட்டு, பாத்திருக்கியா? எங்க பாத்திருக்கப்போற, நீதான் பெரட்டுக்களத்துப் பக்கமே தலை வச்சுப் படுக்காதவனாச்சே. உங்கம்மாவைக் கேளு, சொல்லும். தேயிலைக்குப் புளிச்ச மண்ணுதான் புடிக்கும். ஆனா உரத்தைக் கொட்டிக் கொட்டி மண்ணு அளவுக்கு மீறிப் புளிச்சா செடி சொங்கிப் போயிரும். அதுக்குத்தான் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க சொல்ற கணக்குல டொலமைட்டு போடுறது. அந்தத் தூளு மண்ணுல இருக்கிற புளிப்பைத் தின்னுட்டு, தானும் கரைஞ்சு போகும். அது எங்கேருந்து வருதுங்கிற? திகனைப் பக்கமும் மாத்தளைப் பக்கமும் வெட்டி எடுக்கிற வெள்ளைப் பாறைதான். சுண்ணாம்புக்கல்லு வம்சம். உன் ஹோல்ல மல்லாந்து படுத்திருக்கிற மார்பிளும் அதே வம்சந்தான்டா. எந்தச் சீமையிலேருந்து கப்பல்ல வந்திருந்தாலும் சரி, புளிப்பைக் கண்டா அதுக்குச் சும்மா இருக்க முடியாது. நீ பழம் புழிஞ்ச இடத்துல வெள்ளைத் திட்டா தெரியுதே, அதைக் கறைன்னு நெனச்சு உன் பொண்டாட்டி மூணு சவுக்காரக் கட்டியைக் கரைச்சிருக்கா. கறைன்னா மேல வந்து ஒட்டினது. இது கல்லே கரைஞ்சு போன பள்ளம். இல்லாத கல்லை எப்படிடா தேய்ச்சு எடுப்பா, பாவம்?

வினாகிரி, புளித்தண்ணி, தயிரு, தக்காளி, சோடா எல்லாமே மார்பிளுக்கு ஆகாத சாமான். பழம் உள்ளங்கையளவு திட்டோட விட்டுச்சு. கக்கூஸ் கழுவுற அசிட்டு இருக்கே, அது ஹோலையே முடிச்சிரும். தரை பதிச்சு முடிச்சதும் சீமெந்துப் பூச்சு போகணும்னு பாஸ்மார் அசிட்டைத் தண்ணியில கலந்து ஊத்துவாங்க. சூளையில சுட்ட டைலு அதைத் தாங்கும். அதே போத்தலைத் தூக்கிட்டு மார்பிள்கிட்ட வந்தா ஓடிப்போய் அவர் கையைப் புடிச்சிக்க. புடிச்சிக்கிட்டே ஒரு பிளேன்டியைக் குடுத்து, “பாஸ், நீங்க ரொம்பக் களைச்சுப் போயிட்டீங்க”ன்னு சொல்லு. மேசன் பாஸ்கிட்ட நேரா வேணாம்னு சொல்லப்படாது. சொன்னா மறுநாள் வரமாட்டாரு, அதுக்கு மறுநாளும் வரமாட்டாரு.

சரி, ஆனதுக்கு என்ன பண்றது? அந்தத் திட்டு மேல நகத்தை ஓட்டிப் பாரு. நகத்துக்கு ஒண்ணும் தட்டுப்படல, கண்ணுக்கு மட்டுந்தான் மங்கலாத் தெரியுதுன்னா பொழைச்ச. மார்பிளுக்குன்னே ஒரு பொலிஷ் பவுடர் விக்கிறான். அதைக் கொஞ்சமா தண்ணியில கொழைச்சு, கம்பளித் துண்டால வட்டம் வட்டமா அழுத்தித் தேய்ச்சா ஏறி வரும். நகம் தடுக்குது, சொரசொரங்குதுன்னா மெசின்காரனைத்தான் கூப்புடணும். வைரத்தூள் பதிச்ச வட்டத் தட்டு கொண்டு வருவான். 50, 100, 200, 400, 800, 1500, 3000ன்னு நம்பர் போட்டிருக்கும். நம்பர் ஏற ஏறத் தட்டு நைசு. உன் திட்டுக்கு 50ல ஆரம்பிக்க வேண்டியதில்ல, 200 இல்லாட்டி 400 போதும். ஆனா ஆரம்பிச்ச இடத்துலயிருந்து ஒண்ணைக்கூட தாண்டாம ஏறணும். நடுவுல ஒண்ணை விட்டா, அதுக்கு முந்தின தட்டு போட்ட கீறல் கடைசி வரைக்கும் நிக்கும். மெசின்காரன் விடத்தான் பாப்பான், அவனுக்கு அட்டனுக்குக் கடைசி பஸ்ஸு. நீ ஒண்ணும் சண்டை போடாத. இருட்டினதும் டோர்ச்சைத் தரையோட தரையா வச்சு அடிச்சுப் பாரு. பகல்ல தெரியாத கீறல் எல்லாம் அப்பத்தான் வெளிய வரும். பாத்துட்டுச் சல்லியைக் குடு.

தேய்க்கும்போது தண்ணி ஊத்தித் தேய்க்கச் சொல்லு. இதை மட்டும் வெளையாட்டா எடுத்துக்காத. மார்பிள் தூசியாவது பரவாயில்ல, வாசல்படிக் கருங்கல்லைக் காய வச்சு வெட்டினா, தேய்ச்சா, அதுல இருக்கிற குவார்ட்ஸ் தூளாப் பறக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நைசான தூசி. நெஞ்சுக்குள்ள போனா திரும்பி வராது, நுரையீரலைத் தழும்பாக்கிரும். சிலிக்கோசிஸ்னு பேரு. அதுக்கு மருந்து கிடையாது. முந்தி கல்லு ஒடைச்ச ஆளுங்க இருமி இருமிச் செத்ததை எல்லாம் காசம்னு எழுதிட்டாங்க. மெசின்காரன் மூஞ்சியில கைலேஞ்சியைக் கட்டிக்கிட்டு வீரமா நிப்பான். நீ கடையில நல்ல மாஸ்க்கா ஒண்ணு வாங்கிக் குடு. அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கும்.

இப்போ அந்த வாசல்படிக் கறுப்புக் கல்லுக்கு வா. அது வேற ஆளு. பழம் புழிஞ்சா ஏன்னு கேக்காது. எது எந்தக் கல்லுன்னு தெரியாம கடைக்காரன் சொன்ன பேரை வச்சே மருந்து போடுறீங்க பாரு, அங்கதான் பாதி தரை நாசமாகுது. கடைக்காரன் எல்லாத்தையும் கிரனைட்டுன்னுதான் சொல்லுவான், கேட்டா அவன் சின்னம்மா மகனையும் கிரனைட்டுன்னு சொல்லுவான். நீயே பாத்துக்க. யாரும் பாக்காத மூலையில, அலுமாரிக்கு அடியில, பேனாக்கத்தி நுனியால லேசா கீறு. கீறல் விழுந்தா மார்பிள், சுண்ணாம்பு வம்சம். கத்தியோட இரும்புதான் கல்லு மேல கோடா ஒட்டுதுன்னா கருங்கல்லு. அப்பவும் சந்தேகம்னா அதே மூலையில ஒரு சொட்டு எலுமிச்சம்பழம் விட்டுப் பாரு, மங்கிப்போச்சுன்னா தெரிஞ்சிரும். பழத்துக்கு உள்ள வேலை அவ்வளவுதான், ஒரே ஒரு சொட்டு. கறுப்பா இருக்கிறது எல்லாம் கருங்கல்லுன்னும் நெனைக்காத. ஆந்திராவுல கடப்பாவுல வெட்டுற கறுப்புக் கல்லும் சுண்ணாம்பு வம்சந்தான், புளிப்பு பட்டா வெளுத்துப் போகும். இன்னொண்ணு, பச்சை மார்பிள்னு ராஜஸ்தான்லயிருந்து வருது. அதுல சில சாதிக் கல்லு ஈரத்தைக் குடிச்சா மூலை தூக்கி வளையும். அதைச் சீமெந்துல பதிக்கப்படாது, தண்ணி இல்லாத பசையிலதான் ஒட்டணும். இதை நீ கேக்கல, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். உன் மச்சானும் வீடு கட்டுறானாமே.

நம்ம மலைக்கல்லைப் பத்தி ஒரு சங்கதி சொல்றேன். பேராதனையில புவிச்சரிதவியல் படிச்ச புள்ளை ஒண்ணு கல்லு பொறுக்க வந்துச்சு. இந்தப் பக்கத்துப் பாறையில ஒரு வகைக்கு சார்னோக்கைட்டுன்னு பேராம். 1893ல தாமஸ் ஹாலண்டுன்னு ஒரு வெள்ளைக்காரர் வச்ச பேரு. கல்கத்தாவுல ஜோப் சார்னோக்குங்கிற வெள்ளைக்காரனோட சமாதிக் கல்லு இருக்கு. அந்தக் கல்லு மெட்ராசுல பரங்கிமலையில எடுத்தது. அந்தப் பரங்கிமலைக் கல்லும் நம்ம கொழுந்து மலைக்கு அடியில கிடக்கிறதும் ஒரே வகைங்கிறது அந்தப் புள்ளை. இந்தியாவும் இலங்கையும் ஒட்டிக்கிட்டுக் கிடந்த காலத்துப் பாறையாம், கோடிக்கணக்கான வருசம். நாம 1823லயிருந்து வந்தோம்னு 2023ல இருநூறு வருச விழா எடுத்தோமே, இந்தப் பங்காளி நமக்கு முன்னாடியே வந்து உக்காந்துட்டான். 1948ல நம்ம பிரஜாவுரிமையைப் புடுங்கினாங்க, இவன்கிட்ட ஒருத்தரும் வந்து பத்திரம் கேக்கல. கல்லாப் பொறந்திருக்கலாம் போ.

அதே கல்லைத்தான் வெட்டி லயத்துக்கு அடியில போட்டான் தொரை. மனுசன் இருக்கிற காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி, தரை வெறும் மண்ணு, சாணம் மெழுகிக்கணும். அத்திவாரம் மட்டும் கருங்கல்லு! காம்பரா நமக்கு, அத்திவாரம் தோட்டத்துக்குன்னு எங்கப்பா சொல்லிச் சிரிப்பாரு. அப்புறம் சீமெந்து வந்துச்சு, சிவப்புப் பொலிஷ் வந்துச்சு. தீவாளிக்கு மொத நாளு பொச்சு மட்டையைக் கால்ல மிதிச்சுக்கிட்டு இஸ்தோப்புல ஆடுவாங்க பொண்ணுங்க, தரை மொகம் பாக்கிற மாதிரி வரும். அப்போ தரையில வெடிப்பு விழுந்தா அது தோட்டத்துக் கணக்கு. கணக்கப்பிள்ளைகிட்டச் சொல்லணும், அவர் தொரைகிட்டச் சொல்லுவாரு, சீமெந்து வந்தாலும் வரும், வராட்டியும் வராது. தரைன்னு ஒண்ணு நம்ம பேருக்கு வந்ததே நேத்துத்தானே! 2017 மே மாசம் நோர்வூட்டுக்கு மோடி வந்து, முன்னாடி சொன்ன நாலாயிரத்தோட இன்னும் பத்தாயிரம் வீடுன்னு அறிவிச்சப்போ கை தட்டின கூட்டத்துல முக்காவாசிப் பேருக்குச் சொந்தத் தரை எப்படி இருக்கும்னு தெரியாது. அதனாலதான் கெடைச்சதும் கொஞ்சுறீங்க. கொஞ்சிக் கொஞ்சியே கொல்றீங்க. பழங்கிறீங்க, பொலிஷ்ங்கிறீங்க, கோட்டிங்கிறீங்க. கல்லு ஒங்ககிட்ட ஒண்ணுமே கேக்கலடா. அது கேக்குறது காய்ஞ்ச இடமும் மணல் இல்லாத காலும், அவ்வளவுதான்.

காய்ஞ்ச இடம்னதும் ஞாபகம் வருது. தரையோட ஓரத்துல வெள்ளையா மாவு மாதிரி பூக்குதுன்னியே, எந்தச் செவுத்தோரம்? பின்செவுருதானே? எனக்கு எப்படித் தெரியும்னா கேக்குற. மலையை வெட்டித்தானே வீட்டை உக்கார வச்சிருக்க. பின்னால ஆறடி மண்மேடு, அதுக்கு மேல தேயிலை, அதுக்கு மேல வட்டவளை மழை. அந்தப் பக்கமெல்லாம் வருசத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல ஊத்துற சீமை. மே மாசம் புடிச்சா செப்டம்பர் வரைக்கும் மழை விடாது. அந்தத் தண்ணி எங்க போகும்? உன் பின்பக்கக் கானைப் போய்ப் பாத்தேன். கானா அது? ஒரு சாக்கு, ரெண்டு செருப்பு, உன் மகனோட பந்து, முழங்கால் உசரத்துக்குப் புல்லு. தண்ணி கானுல போக வழியில்லாம உன் வீட்டு அத்திவாரத்துக்குள்ள விருந்துக்கு வருது. அடியில சீமெந்து நனைஞ்சு, அதுல இருக்கிற உப்பைக் கரைச்சு மேல தூக்கிட்டு வந்து, தரை மேல தண்ணி காய்ஞ்சதும் உப்பு மட்டும் மாவாப் பூக்குது. அதை அசிட் ஊத்திக் கழுவுன்னு யாராவது சொன்னா அவனுக்கும் ஒரு மாலை. காய்ஞ்ச தும்புத் தடியால கூட்டி அள்ளு. அப்புறம் மம்மட்டியை எடுத்துக்கிட்டுப் பின்னால போ. தரைக்குச் செய்யுற மொத ரிப்பேரு கானுலதான்.

கான் வெட்டினப்புறமும் ஈரம் ஏறுதான்னு பாக்க ஒரு வழி இருக்கு. ஒரு முழத்துக்கு ஒரு முழம் பொலித்தீனை வெட்டித் தரையில விரிச்சு, நாலு ஓரத்தையும் காத்துப் போகாம டேப் போட்டு ஒட்டு. சாயங்காலம் ஒட்டினா மறுநாள் சாயங்காலம் உரி. உள்பக்கம் முத்து முத்தா வேர்த்திருந்தாலும் கல்லு கறுத்திருந்தாலும் அடியிலயிருந்து தண்ணி வருதுன்னு அர்த்தம். அப்படி வர்ற தரைக்கு மேல வார்னிஷ் மாதிரி மின்னுற கோட்டிங் அடிச்சேன்னு வையி, ஈரம் மேல வர வழியில்லாம கோட்டிங்குக்கு அடியில மாட்டிக்கும். கொஞ்ச நாள்ல கொப்புளம் போடும், உரியும், சில கல்லு மேலோட செதில் செதிலாப் பேந்து வரும். டவுன்ல ஹாட்வெயார் கடைக்காரன் ‘கண்ணாடி மாதிரி இருக்கும் மாத்தயா’ன்னு சொல்லி விக்கிறது இதைத்தான். நமக்கு வேண்டியது கல்லுக்குள்ள எறங்குற சீலர். மேல படலம் போடாது, கல்லோட கண்ணு வழியா உள்ள போய் உக்காந்துக்கும், எண்ணெய், தேத்தண்ணி உடனே எறங்காமப் பாத்துக்கும், அடியிலயிருந்து வர்ற ஆவியையும் மூச்சு விட விடும். ஆனா சீலர் அடிச்ச மார்பிள்ல பழத்தைப் புழியலாம்னு கனாக் காணாத. கறையைத்தான் அது தாமதப்படுத்தும், புளிப்பைத் தடுக்காது.

தேத்தண்ணிக் கறைக்கு வருவோம். தேயிலை வீட்டுக்குள்ள தேத்தண்ணி சிந்தாம இருக்குமா? சிந்தின ஒடனே துணியை மேல வச்சு ஒத்து. தேய்க்காத, தேய்ச்சா பரவும். ஊறிப்போய் மஞ்சளா நிக்குதுன்னா பத்து போடணும். ஆமாடா, சுளுக்குக்குப் போடுறோமே, அதே பத்துதான். என்னை ஏன் அப்படிப் பாக்குற? தாஜ்மகாலுக்கே அதுதான் வைத்தியம். ஊர்ப் புகையில வெள்ளை மார்பிள் மஞ்சளாப் போச்சுன்னு இந்தியத் தொல்லியல் துறைக்காரங்க 1994லயிருந்து பல தடவை அதுக்கு முல்தானி மிட்டியைக் கொழைச்சு அப்பி, காய விட்டு, கழுவியிருக்காங்க. ஷாஜகான் கட்டினதுக்கே சேறு பூசுறான், உன் ஹோலுக்கு என்ன கொறைச்சல்? உன் பொண்டாட்டி மூஞ்சிக்குப் பூசுறதுக்கு அட்டன்ல அதே முல்தானி மிட்டிதான் வாங்கி வச்சிருக்கா. கேட்டு எடு. கேக்காம எடுத்தா அப்புறம் நான் பொறுப்பில்ல.

பாமசியில ஹைட்ரஜன் பெரொக்சைட் கெடைக்கும். கையில உறை போட்டுக்க. அதை மண்ணுல விட்டுத் தோசை மாவை விடக் கெட்டியா, கரண்டியைத் தூக்கினா விழாத பதத்துக்குக் கொழை. கறையைத் தண்ணியால கொஞ்சம் நனைச்சுட்டு, கால் அங்குலத் தடிப்புக்கு அப்பு. கறைக்கு வெளியயும் ரெண்டு விரக்கடை போகட்டும். மேல பொலித்தீன் போட்டு ஓரம் ஒட்டி ஒரு நாள் வையி. மறுநாள் பொலித்தீனை மட்டும் எடுத்துட்டு பத்தைத் தொடாம காய விடு. இதுலதான் ஆளுங்க அவசரப்படுறது. காயும்போதுதான் அது கறையை உள்ளேருந்து உறிஞ்சும். ஈரத்தோட வழிச்சா வெறும் மண்ணைப் பூசிக் கழுவின மாதிரிதான். வெடிச்சுப் பொருக்கு விட்டதும் மரக்கரண்டியால வழிச்சுக் கழுவு. கறை பாதி போயிருந்தா இன்னொரு தடவை போடு. கறுப்புக் கல்லுக்கு இந்த பெரொக்சைட் வேணாம், கல்லோட நிறத்தையே வெளுத்துரும். எண்ணெய்க் கறைக்கு அதே மண்ணு, பெரொக்சைட்டுக்குப் பதிலா பாத்திரம் கழுவுற சவுக்காரத் தண்ணி. மஞ்சள்தூள் கறையா? பாதி வேலையை வெயில் செஞ்சிரும், நம்மூர்ல வெயில் வந்தா.

சாமி ரூமுல விளக்குக்கு அடியில தட்டு வையின்னு சொன்னா உன் மாமியார் என்னை மொறைக்கிறா. மொறைக்கட்டும். தட்டு வையி. இன்னும் ஒண்ணு, வாசல்படிக் கருங்கல்லுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ச்சா கருகருன்னு மின்னும்னு வெள்ளிக்கிழமை தோறும் யாரோ தேய்க்கிறாங்களாமே? கோயில்ல சாமிக்கு எண்ணெய்க்காப்பு போடுறாங்கன்னா சாமி மேல யாரும் சிலிப்பரோட ஏறி நடக்கிறதில்ல. படியில தேய்ச்ச எண்ணெய் தூசியைப் புடிச்சு பிசுபிசுன்னு நாறும், மழையில எவனாவது வழுக்கி விழுவான். போன மாசம் தபால்காரர் விழுந்தாரே, அவர் உன் மாமியாருக்கு வந்த பென்சன் கடுதாசியைத்தான் கொண்டு வந்தாரு.

படியைப் பத்திச் சொல்லும்போது, வெளிப்படிக்குப் பொலிஷ் கல்லு போடுன்னு உனக்கு எவன் சொன்னான்? நுவரெலியாப் பக்கம் தை மாசத்துக் காலையில புல்லு மேல பனி உறைஞ்சு தேயிலைக் கொழுந்தே கருகுது. இங்க மழையும் பாசியும். பழைய லயத்துப் படியைப் பாரு, உளியால கொத்தின புள்ளி புள்ளியா இருக்கும், அது அழகுக்குக் கொத்தினது இல்ல, கொழுந்துக் கூடையோட ஏறுறவ கால் நிக்கணும்னு. உன் படியைக் கழட்ட வேணாம், கல்லுக் கொத்துறவரைக் கூப்புட்டு மிதிக்கிற இடத்தை மட்டும் கொத்தச் சொல்லு. பாசியைக் கெட்டித் தும்புத் தடியால தேய், ரொம்ப அடைஞ்சிருந்தா பிளீச்சைத் தண்ணியில கரைச்சு ஊத்திக் கழுவு. ஆனா பிளீச்சையும் கக்கூஸ் அசிட்டையும் ஒண்ணா ஊத்தி வைக்காத. ரெண்டும் சேர்ந்தா குளோரின் வாயு கெளம்பும், ஆளையே சாச்சிரும்.

பழைய கல்லுன்னா எனக்குக் கொஞ்சம் பேச்சு நீளும், பொறுத்துக்க. டிக்கோயாவுல வோர்லி கோயில் இருக்கு பாரு, 1878ல கட்டினது. அந்தக் காலத்துக் கல்லுக் கட்டடத்துக்கு எல்லாம் சுண்ணாம்புக் காரைதான். கல்லுக்கு நடுவுல காரை உதிருதுன்னா நம்ம பாஸ்மார் சீமெந்தைக் கொழைச்சு நல்லா அடைச்சு விடுவாங்க, பலமா இருக்குமாம். சீமெந்து கெட்டி, ஈரத்தை விடாது. ஈரம் கல்லு வழியாப் போகப் பாத்து கல்லு ஓரத்தையே பேத்துத் தள்ளும். காரை உதிர்ந்தா மறுபடி காரைதான் வைக்கணும். உங்க தாத்தா லயத்து அத்திவாரத்துலயும் அதே கதை. போய்ப் பாரு, சீமெந்து பூசின இடத்துக்குப் பக்கத்துலதான் கல்லு பேந்திருக்கும்.

இனி உன் ஹோல்ல வெடிச்சுக் கிடக்கிற கல்லு. ஜன்னலோரம் ரெண்டாவது. நேத்து நான் வந்தப்போ குந்தி உக்காந்து ரெண்டு ரூபாக் குத்தியால தட்டிட்டு இருந்தேன், நீ பெருசுக்கு மண்டை கொழம்பிப் போச்சுன்னு உன் பொண்டாட்டிகிட்டச் சொன்னது கேட்டுச்சு. காது நல்லா கேக்குது எனக்கு, அதனாலதான் தட்டினேன். அடியில நெறைஞ்சிருந்தா ‘டக்’குன்னு முடியும். வெறும் வயிறா இருந்தா ‘தொம்’முன்னு வரும். உன் கல்லு நாலு மூலையிலயும் நடுவுலயும் ‘டக்’, மிச்ச இடமெல்லாம் ‘தொம்’. பாஸ் என்ன பண்ணியிருக்காருன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. தட்டு முழுக்கப் பரத்தாம மூலைக்கு ஒரு உருண்டை, நடுவுல ஒரு உருண்டை வச்சு அழுத்தியிருக்காரு. சோத்து உருண்டையா அது? நடுவுல வெத்திடம். அலுமாரிக் கால் அது மேல நின்னுச்சு, வெடிச்சிருச்சு. வெடிக்காத, ஆடாத கல்லுல ‘தொம்’ வந்தா விட்டுரு, அதைத் தோண்டி வெடிக்க வைக்க வேணாம். மேல கனமான சாமான் வைக்காத, போதும். மயிரிழை வெடிப்புன்னா அதே கல்லோட தூளை எபொக்சியில கலந்து கொஞ்சம் மேடா அடைச்சு, இறுகினதும் பிளேட்டால சீவி எடுத்தா கண்ணுக்குத் தெரியாது. வெள்ளைக் கல்லுல வெயில் படுற இடம்னா எபொக்சி மஞ்சளாகும், அதையும் தெரிஞ்சு வச்சுக்க. உன்னோடது ரெண்டாப் பொளந்து ஆடுது. அது எடுத்துட்டு வேற பதிக்கிற கேசு. இந்த வாட்டி அடியில முழுசாப் பரத்தச் சொல்லு. நீ பக்கத்துல நில்லு. போனைப் பாத்துக்கிட்டு நிக்காத.

தினத்துக்குச் செய்ய வேண்டியதுல பெரிசா ஒண்ணுமில்ல. மலை மண்ணுல குவார்ட்ஸ் மணல் இருக்கு, மார்பிளை விட ரொம்பக் கெட்டி. செருப்புல வந்த ஒரு பருக்கை நாற்காலிக் காலுக்கு அடியில மாட்டினா கோடு கோடாக் கீறிரும். அதனால செருப்பு வெளிய. உள்ள வந்தா தும்புக் கால்மிதி. நனைஞ்ச சணல் சாக்கைப் போட்டு வைக்காத, அதோட சாயம் எறங்கி மண்ணு நிறத்துல நிக்கும். மொதல்ல காய்ஞ்ச துடைப்பத்தால கூட்டு, அப்புறம் வெறும் தண்ணி, எப்பவாவது ஒரு மூடி மென்மையான சவுக்காரம். கூடப் போட்டா படலம் படிஞ்சு மங்கும், மங்குதேன்னு இன்னும் கூடப் போடுவீங்க.

சீலர் அடிக்கிறதா இருந்தா மழையில வேணாம். புதுசா பதிச்ச கல்லுக்கு அடியில சீமெந்து காயக் கொறைஞ்சது 28 நாள் வேணும், நம்ம குளிருக்கு அதுக்கு மேலயும் விடலாம். பெப்ரவரியில நாலு நாள் வெயில் அடிச்சப்புறம் ஆரம்பி. எந்தக் கல்லுக்கு வேணும்னு தண்ணி சொல்லும். ஒரு சொட்டு விட்டுப் பாரு, அஞ்சு நிமிசத்துல கல்லு கறுத்தா குடிக்குதுன்னு அர்த்தம், சீலர் வேணும். கறுக்கலன்னா அந்தக் கல்லுக்கு ஒண்ணும் வேணாம், கடைக்காரன் என்ன கதை விட்டாலும். அடிச்சதும் டப்பாவுல போட்டிருக்கிற நேரத்துக்குள்ள மேல நிக்கிற மிச்சத்தை ஒட்டத் துடைச்சிரணும். விட்டா காய்ஞ்சு பசை மாதிரி படலம் நிக்கும். ரெண்டு மூணு வருசம் கழிச்சு மறுபடி தண்ணிச் சொட்டு.

அப்புறம் அந்த வெடிச்ச கல்லுக்கு மாத்துக் கல்லு தேடி அட்டனுக்கும் கண்டிக்கும் அலையாத. கல்லு ஒரு லோட்டுக்கு ஒரு நிறம், இனிமே போய்க் கேட்டா பொருந்தாது. பதிச்சு முடிச்சப்போ உனக்கு ரெண்டு மிஞ்சுச்சே, ஞாபகம் இருக்கா? உனக்கு இருக்காது. எனக்குத் தெரியும், ஏன்னா நேத்துப் பின்பக்கம் கானைப் பாக்கப் போனப்போ கண்ணுல பட்டுச்சு. கோழிக்கூட்டுக்குக் கூரையாப் போட்டிருக்கீங்க. ஓடிப்போய் மொதல்ல அதை எடுத்துக் கழுவி உள்ள வையி, கோழி எச்சத்துலயும் புளிப்பு இருக்கு.